கிழக்கு வேலி

இந்த மாசியில் எட்டாவது தட்டியையும் கட்டி முடித்துவிட்டேன். ஒவ்வொரு தட்டியும் 6 அடி நீளம், 5 அடி உயரம். கிழக்கு வேலியில் 48 அடிக்கு இப்போது ஓலையும் இல்லை, தகரமும் இல்லை. எங்கள் வளவில் வளர்ந்த கிளிசரியா, பூவரசு, நொச்சித் தடிகளை வெட்டி, பாய் இழைப்பது போல முன்னும் பின்னுமாக ஓட்டிப் பின்னிய வேலி அது. ஒழுங்கையால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் படலைக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே கூப்பிட்டால் வந்து தொட்டுப் பார்க்கிறார்கள். "எங்கை வாங்கினது?" என்பது முதல் கேள்வி. வாங்கவில்லை என்றால் "ஆர் செய்து தந்தது?" என்பது அடுத்தது. நான்தான் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும் மனம் நிறைந்துதான் சொல்கிறேன். கேட்ட எல்லாருக்கும் படலையடியில் நின்று முழுவதையும் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

காணியின் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் காணி யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில், மயிலிட்டிப் பக்கம். 4 பரப்பு, அதாவது கால் ஏக்கர் அளவு. 1990 ஆனியில் போரால் விட்டுவிட்டு வெளிக்கிட்டோம். எனக்கு அப்போது 16 வயது. திரும்ப அந்த மண்ணில் கால் வைத்தது 2018 சித்திரையில். வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. கிணறு மட்டும் இருந்தது, அதற்குள்ளும் ஆலங்கன்று முளைத்திருந்தது. மற்றபடி எங்கு பார்த்தாலும் பற்றை. நாயுண்ணியும் இப்பிலிப்பிலியும் ஆளுயரத்துக்கு மேல் நின்றன. ஊரே வந்து நின்றது, ஆனால் எது தன் காணி, எது அயலவன் காணி என்று ஒருவராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஒழுங்கை எந்தப் பக்கம் திரும்பியது என்பதிலேயே பெரியவர்களுக்குள் வாக்குவாதம்.

ஐயாவுக்கு அப்போது 81 வயது. கோப்பாயிலிருந்து ஓட்டோவில் கூட்டிவந்தோம். ஊன்றுதடியோடு பற்றைக்குள் இறங்கினார். வேண்டாம் பாம்பு இருக்கும் என்று நாங்கள் கத்தக் கத்தக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது: "இஞ்ச வாங்கோ. இது நான் போட்ட கதியால்."

கதியால் என்றால் வேலிக்காக நட்டு, உயிரோடு துளிர்க்க விடும் தடி. போய்ப் பார்த்தால் வரிசையாகப் பெரிய பூவரச மரங்கள். அவை எங்கள் கதியால்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஐயா மரத்தின் மேல் கையை வைத்துக் காட்டினார். அவருடைய தோள் உயரத்தில் அடிமரம் முண்டு முண்டாகத் திரண்டிருந்தது. அந்த முண்டுக்கு மேலேதான் கிளைகள் பருத்துப் போயிருந்தன. அடுத்த மரத்திலும் அதே உயரத்தில் முண்டு, அதற்கடுத்த மரத்திலும் அப்படியே. ஆண்டுதோறும் ஒரே இடத்தில் கத்தி விழுந்து விழுந்து, மரம் ஆறி ஆறித் திரண்ட முண்டு அது. 28 ஆண்டு ஒருவரும் வெட்டாமல் விட்டதில் கதியால் மரமாகிவிட்டது, ஆனால் ஐயாவின் தோள் உயரம் அதில் அப்படியே இருந்தது. இடையிடையே இயந்திரம் தள்ளி விழுத்திய மரங்களும் இருந்தன. அவற்றின் அடிக்கட்டையிலிருந்து ஏழு எட்டுத் தடி புதிதாகக் கிளம்பி நேராக நின்றது. பிறகு நில அளவையாளர் பழைய படத்தோடு வந்து அளந்தபோது, ஐயா காட்டிய கோட்டுக்கும் படத்தின் கோட்டுக்கும் ஒரு சாண்தான் வித்தியாசம். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். எங்களுக்குப் பூவரசே சாட்சி சொன்னது.

ஐயாவின் காலத்து வேலி எப்படி என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்கு அதைச் சொல்லப் பிடிக்கும். மாரி தொடங்கும்போது கதியால் போடுவார்கள். கைப்பிடி மொத்தத்தில் தடி வெட்டி, அடியைச் சரிவாகச் சீவி, அலவாங்கால் குழி குத்தி ஒன்றரை அடிக்கு ஒன்றாக நடுவார்கள். எங்கள் பக்கம் செம்மண் ஆழம் குறைவு. ஒரு முழம் போவதற்குள் அலவாங்கு சுண்ணாம்புக் கல்லில் 'டங்' என்று முட்டும். கல் இருந்தால் கதியாலைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும், அப்படித் தள்ளிப் போட்ட இடத்தில்தான் வேலிச்சண்டை முளைக்கும். மழையில் கதியால் வேர் விட்டுத் துளிர்த்துவிடும். கோடையில் அதன் மேல் குறுக்காக வரிச்சுக் கட்டி, பனையோலையோ கிடுகோ அடுக்கி, வெளியிலும் ஒரு வரிச்சு வைத்து இரண்டையும் சேர்த்துத் தைப்பார்கள்.

தைப்பதற்குக் குத்தூசி என்று ஒன்று உண்டு. முழங்கையளவு நீளம், நுனியில் ஒரு துளை, துளையில் கயிறு. வெளியில் நிற்கிறவர் ஓலைக்குள்ளால் குத்தி உள்ளே தள்ளுவார். உள்ளே நிற்கிறவர் கயிற்றை எடுத்து, வரிச்சுக்கு மற்றப் பக்கத்தால் ஊசியைத் திருப்பிக் குத்தி விடுவார். ஒருவரையொருவர் பார்க்க முடியாது, நடுவில் ஓலை. "விட்டன்", "எடுத்தாச்சு", "இழு" என்று குரல் மட்டும் போய்வரும். வெளியில் ஐயா, உள்ளே நான். எட்டு வயதிலிருந்து அந்த வேலை என்னுடையது. ஊசி எங்கே வெளிவரும் என்று தெரியாமல் ஓலைக்குக் கிட்ட முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். "முகத்தை எடு பிள்ளை" என்று அந்தப் பக்கத்திலிருந்து சொல்வார். ஓலைக்குள்ளால் நான் தெரிய மாட்டேன், ஆனாலும் என் முகம் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

வேலி மறைப்புக்காக மட்டும் இருக்கவில்லை. குழை வெட்டி ஆட்டுக்குப் போட்டோம், தோட்டத்துக்குத் தாட்டோம், தடியை அடுப்புக்கு வைத்தோம். பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினோம். முள்முருக்குக் கதியால் நின்ற வீடுகளில், கலியாணம் என்றால் கன்னிக்காலுக்கு அங்கேதான் கேட்டு வருவார்கள்.

சரி, திரும்பி வந்த பிறகு நாங்கள் செய்தது என்ன? 2018 கார்த்திகையில் தெற்கிலும் மேற்கிலும் கிளிசரியாக் கதியால் போட்டோம். சீமைக்கிளுவை என்றும் சொல்வார்கள். இதுவும் வந்த மரம்தான், மத்திய அமெரிக்காதான் அதன் சொந்த இடம். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராகவே அதை இலங்கை அரசு அறிவித்திருக்கிறது. எங்கு குத்தினாலும் முளைக்கும், வெட்ட வெட்டத் தளைக்கும், மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 140 கதியால். கிழக்கில் பூவரசுகளைத் தோளளவில் தறித்துவிட்டு, இடைவெளிகளுக்குத் தகரம் அடித்தோம். தகரம் என்பது அவசரத்துக்குச் செய்தது. கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து அப்புகிற இடம் இது. ஐந்து ஆண்டில் தகரத்தின் அடி கரும்பழுப்பாகி, விரலால் குத்தினால் உதிரத் தொடங்கியது.

2024 கார்த்திகை இறுதியில் ஃபெங்கல் புயலோடு வந்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் ஒழுங்கையில் இரண்டு நாள் முழங்காலளவு வெள்ளம். மதில் கட்டிய காணிகளுக்குள் தண்ணீர் தொட்டியில் நிற்பது போல நின்றது, சில இடங்களில் மதிலின் அடியை உடைத்துத்தான் வெளியேற்றினார்கள். எங்கள் தெற்கு, மேற்கு வேலிகளுக்குள்ளால் தண்ணீர் ஓடிப் போய்விட்டது. கிழக்கில் தகரம் காற்றைத் தாங்காமல் பூவரசில் அடித்த ஆணிகளோடு பிய்ந்து சாய்ந்தது. கிணற்றடி வேம்பில் ஒரு பெரிய கொப்பும் முறிந்து விழுந்தது. அந்தக் கொப்பு பிறகு இந்தக் கதையில் வரும்.

கிழக்குப் பக்கத்துக் காணி மாமியுடையது. தனியாக இருக்கிறார். மகன் கனடாவில். தகரம் விழுந்ததும் மகன் தொலைபேசியில், காசு அனுப்புகிறேன், இரண்டு வீட்டுக்கும் பொதுவாக மதிலைக் கட்டிவிடுவோம் என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். தாய் தனியே இருக்கிறாரே என்ற பயம் அவனுக்கு. மாமி என்னிடம் வந்து, "மதில் கட்டினா நீ குசினிக்குள்ள நிக்கிறியோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது" என்றார். விடிந்ததும் அவர் முற்றம் கூட்டும் சத்தம் கேட்காவிட்டால் நான் வேலியடிக்குப் போய்க் கூப்பிடுவேன். என் அடுப்பில் புகை வராவிட்டால் அவர் கூப்பிடுவார். மகனிடம் நானே பேசினேன். ஓர் ஆண்டு பொறு, நான் ஒரு வேலி போடுகிறேன், சரிவராவிட்டால் மதில் கட்டு என்றேன். அப்படிச் சொன்னபோது எந்த வேலி என்று எனக்கே தெரியாது. பனையோலை வெட்டித் தர ஏறுகிற ஆள் கிடைப்பதே கஷ்டம். கிடைத்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அடைக்க வேண்டும். உள்ளே நின்று ஊசி வாங்க ஆள் வேண்டும். ஐயா 2021இல் போய்விட்டார்.

அந்த நேரத்தில்தான் லண்டனிலிருக்கும் தம்பி வட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினான். 2025 மாசி. சசெக்ஸ் பக்கத்துக் காடொன்றில் இரண்டு நாள் தட்டி பின்னப் பழகியிருக்கிறான். "அக்கா, இதைப் பாத்தவுடன எனக்கு எங்கடை ஐயாதான் நினைவு வந்தவர்" என்று ஒரு குரல் பதிவு. படத்தில், சேற்றுச் சப்பாத்தோடு தம்பி, பக்கத்தில் அவன் உயரத்துக்கு ஒரு பின்னல் தட்டி. அன்றிரவு ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டேன்.

அங்கே ஹேசல் என்று ஒரு மரம். குளிர்காலத்தில் இலை கொட்டி நிற்கும்போது நிலத்தோடு ஒட்ட வெட்டிவிடுவார்கள். இளவேனிலில் அடிக்கட்டையின் உறங்கிய மொட்டுகள் விழித்துப் பத்துப் பதினைந்து தடியாகக் கிளம்பும். வேர் பழையது, பலமானது. ஆகவே தடி விறுவிறுவென்று வளரும். ஒன்றோடொன்று வெளிச்சத்துக்குப் போட்டியிடுவதால் பக்கக் கிளை விடாமல் நேராகப் போகும். ஏழெட்டு ஆண்டில் வெட்டுவார்கள். காட்டை ஒரேயடியாக வெட்டுவதில்லை. துண்டு துண்டாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு துண்டு, கடைசித் துண்டு முடியும்போது முதல் துண்டு மறுபடி ஆயத்தம். வெட்டிய துண்டில் வெயில் விழுவதால் அடுத்த ஆண்டு காட்டுப்பூ நிறையப் பூக்கும். இப்படி வெட்டப்படுகிற ஹேசல், வெட்டாமல் விட்ட ஹேசலைவிடப் பல மடங்கு காலம் உயிரோடு நிற்குமாம். மான் வந்து துளிரைக் கடிக்கும் இடங்களில் நிலத்தோடு வெட்டாமல் ஆளுயரத்தில் வெட்டுவார்களாம். அதைக் கேட்டதும் ஐயாவின் தோள் உயரம் எனக்கு விளங்கியது. எங்களுக்கு மானில்லை, ஆடும் மாடும்.

அந்தத் தட்டிகளை முன்பு ஆட்டிடையர்களுக்காகத்தான் பின்னினார்களாம். வயலில் எருவுக்காக ஆடுகளை ஓரிரவு ஓரிடமாக அடைத்துவைக்கத் தூக்கிப் போகக்கூடிய வேலி. நடுவில் ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள், தடியைச் செருகி நாலைந்து தட்டியைத் தோளில் போட. இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் தோட்டத்தில் பட்டி அடைத்த ஆடுகளின் மணமே வந்துவிட்டது. சொமர்செட் என்ற இடத்துச் சதுப்பு மண்ணுக்கடியில் 4,000 ஆண்டுக்கும் மேற்பட்ட ஹேசல் தட்டிகள் கிடைத்திருக்கின்றன, சேற்றில் நடக்கப் பாதையாகப் போட்டவை. அந்தப் படத்தையும் தம்பி அனுப்பினான். வரிச்சு மண்வீட்டின் சுவரில் மண் கொட்டுண்டு உள்ளே தடி தெரிவது போலத்தான் இருந்தது.

இனி வேலைக்கு வருகிறேன். முறிந்து விழுந்த வேப்பங் கொப்பு லேசாக வில் போல வளைந்திருந்தது. அதில் ஏழடி அளவு துண்டை எடுத்து, ஊர்த் தச்சரிடம் கொடுத்து வரிசையாகப் பத்துத் துளை போடுவித்தேன். நிலத்தில் பாதி புதைத்து அசையாமல் இறுக்கினேன். பத்துத் துளையிலும் பத்துக் குத்துத்தடி. இரண்டு ஓரத்துத் தடி கொஞ்சம் மொத்தம், நடுவில் எட்டும் மெல்லியவை. அடிக்கட்டை ஏன் வளைந்திருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். பச்சைத் தடி காயும்போது சுருங்கி இழுக்கும். வளைவாகப் பின்னிய தட்டி அந்த இழுப்பில் நேராகி இறுகும். நேராகப் பின்னினால் காய்ந்தபின் தளர்ந்து ஆடும். முதல் தட்டியை நான் நேர்க்கட்டையில்தான் பின்னினேன், வேப்பங்கட்டை ஆயத்தமாகும் வரை பொறுக்க மனம் இல்லாமல். மூன்று கிழமையில் அது பழைய சாக்குக்கட்டில் போலத் தொய்ந்துவிட்டது. இப்போது கோழிக்கூட்டின் பக்கத்தில் நிற்கிறது.

பின்னல் தடிக்குக் கிளிசரியா. ஐயா தேய்பிறையில்தான் தடி வெட்டுவார், உளுக்காது என்பார். நானும் அப்படியே. ஓர் ஆண்டுத் தடி, பெருவிரல் மொத்தம், எட்டு ஒன்பதடி நீளம். ஒரு கதியாலில் நாலைந்து நல்ல தடி தேறும். ஒரு தட்டிக்கு எழுபதிலிருந்து எண்பது தடி வேண்டும். வெட்டும்போது கத்தி மிகக் கூராக இருக்க வேண்டும், வெட்டு வாய் சரிவாக இருக்க வேண்டும். தட்டையாக வெட்டினால் மழைத்தண்ணீர் தங்கி அழுகும், கூர் இல்லாத கத்தி பட்டையைக் கிழிக்கும், கிழிந்த இடத்தில் துளிர் வராது. இதெல்லாம் ஐயா சொல்லித் தந்தது. சசெக்ஸில் தம்பிக்குச் சொல்லித் தந்தவரும் இதையேதான் சொன்னாராம்.

வெட்டிய குழையை அன்றே ஆட்டுக்குப் போட்டால் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பும், அந்த வாசம் அதற்குப் பிடிக்காது. ஒரு நாள் வாட விட்டுப் போட்டால் தின்னும். மிச்சம் முழுக்கக் கத்தரிப் பாத்திக்கு.

பின்னத் தொடங்கிய அன்றே பெரிய சிக்கல் வந்தது. தடியை முன்னும் பின்னுமாக ஓட்டி ஓரத்துக்கு வந்ததும், ஓரக் குத்துத்தடியைச் சுற்றித் திருப்பி மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டும். அப்போதுதான் தட்டியின் ஓரம் பிரியாது. தம்பியின் காணொளியில் அந்த மனிதர் ஹேசல் தடியைத் திருப்புமுன் கயிறு போல முறுக்குகிறார். முறுக்கினால் உள்நார் தனித்தனியாகப் பிரிந்து, முறியாமல் வளையும். நான் கிளிசரியாவை முறுக்கினேன். படக்கென்று முறிந்தது. இன்னொன்று, அதுவும் முறிந்தது. தணலில் வாட்டிப் பார்த்தேன், தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தேன். பட்டை மட்டும் வளைகிறது, உள்ளே கட்டை ஒடிகிறது. அன்று பின்னேரம் பதினேழு முறிந்த தடிகளோடு அடுப்படிக்கு வந்தேன். விறகாகவாவது எரிந்தது.

பூவரசு கொஞ்சம் பரவாயில்லை. அதன் பட்டையில் நல்ல நார். ஆனால் கணுவுக்குக் கணு தடி மொத்தம் மாறும். விடை தந்தது மாமிதான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நான் முறிப்பதை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், மூன்றாம் நாள் ஒரு கட்டு நொச்சித் தடியைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டார். "என்ரை அப்பு கூடை கட்டினது இதிலதான். பச்சையா எடுத்து முறுக்கிப் பார்." முறுக்கினேன். வளைந்தது. கைவிரலைச் சுற்றிக்கூட வளைக்கலாம் போலிருந்தது. காய்ச்சல் தடிமனுக்கு ஆவி பிடிக்க இலை பறிக்கிற மரம் என்று மட்டுமே நான் நொச்சியை நினைத்திருந்தேன். பழைய புறத்திணையில் நொச்சி என்றால் மதில் காக்கிறவர் சூடும் பூ என்று பள்ளிக்கூடத்தில் படித்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காவல் தொழிலுக்கு அந்தச் செடியை எவ்வளவு பொருத்தமாகப் பிடித்திருக்கிறார்கள் என்று மாமியிடமும் சொன்னேன். மாமி அதைக் கேட்டுவிட்டு, "முறுக்கினதைக் கெதியா ஓட்டு, காஞ்சா முறியும்" என்றார்.

அதன் பிறகு நானாக ஒரு முறை வைத்துக்கொண்டேன். அடியில் நாலு வரி நொச்சி, ஓரத்தைச் சுற்றித் திருப்பி இறுக்கமாக. அப்புறம் ஐந்து வரி கிளிசரியா. அதை ஓரத்தில் திருப்புவதில்லை, ஓரக் குத்துத்தடிக்குப் பின்னால் நிறுத்திச் சீவிவிடுவேன். பிறகு ஒரு வரி நொச்சி, இரண்டு ஓரத்தையும் சுற்றி. இப்படியே மேலே போய், கடைசி நாலு வரி மறுபடி நொச்சி. நொச்சி வரிகள் கிளிசரியா வரிகளைப் பெட்டிக்குப் போட்ட பட்டி போலப் பிடித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு மூன்று வரிக்கும் கொட்டனால் தட்டி இறக்க வேண்டும். கை நோகும், ஆனால் அந்தத் தட்டலில்தான் தட்டி தட்டியாகிறது. தடியின் மொத்த அடியும் மெல்லிய நுனியும் மாறி மாறி வரவேண்டும். ஒரே பக்கம் அடியாக வைத்தால் ஒரு பக்கம் உயர்ந்து படகு போலாகிவிடும். இரண்டாவது தட்டி அப்படித்தான் ஆனது. மேல் ஓரத்தில் இரண்டு தடி அதிகம் வைத்து ஈடு கட்டினேன்.

முடித்ததும் உடனே கட்டுவதில்லை. இரண்டு கிழமை நிழலில் சாத்தி வைப்பேன். காய்ந்து இரண்டு விரல் இறங்கும். அந்த இடத்துக்கு மேலே இன்னும் இரண்டு வரி நொச்சி ஓட்டினால் பிறகு அசையாது. அடிமுனைகளைத் தீயில் கருக்கிக்கொள்வேன், கறையானுக்காக. தட்டி நிலத்தில் முட்டாமல் நாலு விரல் உயர்த்திக் கட்டினால் வெள்ளமும் போகும், கறையானும் குறையும்.

தட்டி வேலியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் குழி. ஒன்றரை அடிக்கு ஒரு கதியால் என்றால் 48 அடிக்கு முப்பதுக்கு மேல் குழி. தட்டிக்கு ஆறடிக்கு ஒரு கால் போதும், எட்டுத் தட்டிக்கு ஒன்பது கால். அதில் ஐந்து இடத்தில் ஐயாவின் பூவரசே நின்றது. மிச்சம் நாலு இடத்தில் 2025 கார்த்திகை மழையில் பூவரசங் கதியால் போட்டேன். மூன்று பிடித்துவிட்டது, ஒன்று செத்துவிட்டது. அந்த இடத்தில் இப்போதைக்கு ஒரு பனஞ்சிலாகை நிற்கிறது.

காலோடு தட்டியைக் கட்டியது ஐயாவின் குத்தூசியால். கோப்பாயில் இருந்த காலத்தில் பனஞ்சிலாகையில் செதுக்கியது. ஐயாவின் கை பட்டுப் பட்டுக் கறுத்து மினுங்கும். தென்னந்தும்புக் கயிற்றைக் கோத்து நான் இந்தப் பக்கத்தால் குத்த, மாமி அந்தப் பக்கத்தால் வாங்கினார். தட்டியின் பின்னலுக்குள்ளால் அவருடைய சீலையின் நிறம் துண்டு துண்டாகத் தெரிந்தது. "விட்டன் மாமி." "எடுத்தாச்சு." "இழுங்கோ." ஐந்தாவது தட்டி கட்டும்போது ஊசி வருகிற இடத்துக்கு மிகக் கிட்ட அவர் குனிந்து பார்ப்பது தெரிந்தது. "முகத்தை எடுங்கோ" என்றேன். சொன்ன பிறகு கொஞ்ச நேரம் எனக்குக் கயிறு கோக்க முடியவில்லை.

எட்டாவது தட்டிக்கும் மிச்சத் தகரத்துக்கும் இடையில் இரண்டடி பொட்டு, ஆள் போய்வர ஒரு இடைவெளி, விட்டிருக்கிறோம். நாய் வராமல் இருக்க ஒரு சின்னப் படலை, அதுவும் நொச்சியில் பின்னியது. மாமியின் மகனுக்குப் படம் அனுப்பினேன். அவன் முதலில் கேட்டது எவ்வளவு காலம் நிற்கும் என்று. இங்கிலாந்துத் தட்டி எட்டுப் பத்து ஆண்டு நிற்கும் என்று தம்பி சொல்கிறான். எங்கள் வெயிலிலும் கறையானிலும் நாலைந்து ஆண்டு நின்றால் போதும் என்று நினைக்கிறேன், அதற்குள் அடுத்த தட்டிக்கான தடி பல முறை வளர்ந்துவிடும். அதையே அவனுக்கும் எழுதினேன். மதில் கதையை அவன் இப்போது எடுப்பதில்லை. கிறிஸ்மஸ் லீவுக்கு வரும்போது தன் பிள்ளைகளுக்குப் பின்னக் காட்டித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறான்.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. கார்த்திகையில் கட்டிய ஆறாவது தட்டியில் பின்னல் தடிகள் துளிர்த்தன. வேர் இல்லாத தடி, ஆனாலும் உள்ளிருந்த ஈரத்தில் கணுவுக்குக் கணு பச்சை. இரண்டு கிழமை முழுத் தட்டியும் இலையோடு நின்றது, பிறகு வாடி உதிர்ந்தது. அந்த இரண்டு கிழமையும் காலையில் தேநீரோடு அங்கேதான் போய் நின்றேன்.

நேற்று தெற்கு வேலிக் கதியால்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மாசியில் வெட்டியவற்றில் துளிர் ஒரு சாண் வந்துவிட்டது. ஒரு கதியாலில் எண்ணினேன், பதினொன்று. அதில் ஐந்தை விட்டு மிச்சத்தைக் கிள்ளிவிட வேண்டும், அப்போதுதான் தடி மொத்தமாக வரும். கிழக்கில் இன்னும் 56 அடி தகரம் இருக்கிறது. மாமியும் தன் தெற்கு வேலிக்கு இரண்டு தட்டி கேட்டிருக்கிறார். கிளிசரியாவுக்குக் குறைவில்லை, நொச்சிதான் போதாது. அவருடைய கிணற்றடி நொச்சியைப் போன ஆண்டே மிகவும் வெட்டிவிட்டோம். இந்த ஆண்டு அதைத் தொடாமல் விடுவோம் என்று சொல்லியிருக்கிறேன். அதில் வெட்டியெடுத்த பன்னிரண்டு துண்டைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து ஈர மண்ணில் குத்தி வைத்திருக்கிறேன். எட்டில் முளை தெரிகிறது.